கூட இறங்குவியா?

சுரங்கத்தின் வாயருகே ஒரு மரப்பலகை உண்டு. நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் ‘கீழே’, வலப்பக்கம் ‘மேலே’ என்று வெள்ளைச் சாயத்தில் எழுதியிருக்கும். இரண்டு பக்கமும் வரிசையாக ஆணிகள். இறங்குகிறவர் தன் எண் அடித்த பித்தளை வில்லையைக் ‘கீழே’ பக்கம் மாட்டிவிட்டுத்தான் ஆட்களை இறக்கும் கூண்டில் ஏறவேண்டும். மேலே வந்ததும் முதல் வேலையாக அதை எடுத்து ‘மேலே’ பக்கம் மாட்டவேண்டும். முகம் கழுவுவது, தண்ணீர் குடிப்பது எல்லாம் அதற்குப் பிறகு. ஷிப்ட் முடிந்து இடப்பக்கம் ஒரு வில்லைகூடத் தொங்கவில்லை என்று தன் கண்ணால் பார்த்த பிறகே வெடிக்காரர் சாவியைத் திருப்புவார். பாறையில் துளைபோட்டு வைத்த வெடி கீழே வெடிக்கும்.

நான்கு பெண்களை முதல்முறை அழைத்து வந்த அன்று சர்வேயர் அவர்களைக் கொண்டுவந்து நிறுத்தியது இந்தப் பலகையின் முன்னால்தான். உள்ளே இறங்கி அளவெடுத்து வரைபடம் போடுவது அவளுடைய வேலை. அந்தச் சுரங்கத்தில் கூண்டேறிய முதல் பெண் அவள். அடுத்த பெண் தானாக வருவாள் என்று வருஷக்கணக்கில் காத்திருந்தாள். காதோரம் நரை தெரிய ஆரம்பித்தபோதுதான், யாரும் வரப்போவதில்லை, போய் அழைத்து வந்தால்தான் உண்டு என்று அவளுக்கு உறைத்தது.

கழிவுக்கல் மேட்டின் அடிவாரத்துத் தகர வீடுகளுக்குப் போனாள். அங்கே இருப்பவர்களுக்குச் சுரங்கம் என்றால் அது வெளியே தள்ளும் கல்தான். ஆண்களும் பெண்களும் அந்தக் கல்லை லாரியில் ஏற்றிக் கூலி வாங்கினார்கள். பள்ளிக்கூடம் முடித்த பெண்கள் ஒன்று தையல் ஃபேக்டரிக்குப் போனார்கள், இல்லையென்றால் கல்யாணம் பண்ணிக்கொண்டு பக்கத்துத் தகர வீட்டுக்குப் போனார்கள்.

தண்ணீர் லாரி வரும் நேரம். நீளமான குடவரிசை. குடங்களுக்கு உரியவர்கள் பாதிப்பேர் இல்லை. அடுப்பைப் பார்க்கவும் பிள்ளைக்குப் பால் கொடுக்கவும் போயிருந்தார்கள். ஒல்லியான ஒரு பெண் மட்டும் வரிசை நகர நகர, ஆளில்லாத குடங்களை எல்லாம் காலால் நைசாகத் தள்ளி முன்னால் கொண்டுபோய்க்கொண்டிருந்தாள். ஒரு குடமும் பின்தங்கவில்லை. சர்வேயர் அங்கேயே அவளைத் தேர்ந்தெடுத்துவிட்டாள்.

“கீழ எறங்கினா என் பொண்ண யாரு கட்டிக்குவா?” என்று கேட்டாள் அவள் அம்மா.

“கீழ வச்சு யாரும் தாலி கட்டப்போறதில்லைம்மா. மேல வந்தப்புறம் கட்டட்டும்.”

அம்மா சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பில்தான் அனுமதி கிடைத்தது. பெண்ணுக்குப் பம்பரம் என்று பெயர் விழ இரண்டு நாள் ஆகவில்லை. அவளுடைய பக்கத்து வீட்டுச் சினேகிதியும் கூட வந்தாள். எதையும் இரண்டு தடவை தொட்டுப் பார்க்காமல் நகரமாட்டாள் என்பதால் அவள் ஆமை. இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். மற்ற இருவர் தெருக்கோடியைச் சேர்ந்த அக்கா தங்கை.

சர்வேயர் அவர்களுக்கு வரைபடம் படிக்கக் கற்றுக்கொடுத்தாள். கம்பியால் கூரைப்பாறையைத் தட்டி, அது உறுதியா தளர்வா என்று ஓசையிலேயே கண்டுபிடிக்கப் பழக்கினாள். பம்பரம் எல்லாவற்றையும் ஒரு தடவையில் பிடித்துக்கொண்டாள். மற்றவர்கள் கோணத்தை எழுதி முடிப்பதற்குள் அவள் அடுத்த புள்ளியில் நின்றுகொண்டு, “அக்கா, வரலாமா?” என்று கூவுவாள். இருட்டுக்குள் அந்தக் குரல் வந்து மோதும்போது சர்வேயருக்கு நெஞ்சு லேசாகும். இத்தனை வருஷம் அங்கே அவள் தன் காலடிச் சத்தத்தை மட்டுமே கேட்டு நடந்திருக்கிறாள்.

ஒரே ஒரு தொல்லை வில்லை. மேலே வந்ததும் அதை மாற்ற மறந்துவிடுவார்கள். பெரும்பாலும் ஆமை. வெடிக்காரர் சாவியோடு காத்திருப்பார். ஆட்கள், “கிளாஸ் எடுக்கிறாங்களாம் கிளாஸ்” என்று காதுபடச் சொல்வார்கள். சர்வேயர் ஒருநாள் பொறுமை இழந்து ஒரு ஏற்பாடு செய்தாள்: இடப்பக்கம் காலியாகும்வரை பெண்களை வீட்டுக்குக் கொண்டுபோகும் பஸ் கிளம்பாது. ஒருத்தி மறந்தால் நான்கு பேரும் உட்காரவேண்டியதுதான். அதன்பின் யாரும் மறக்கவில்லை. அவளுக்கு அதில் ஒரு திருப்திகூட இருந்தது.

அன்றைக்கு மேலாளர் கூப்பிட்டார் என்று அவள் முன்னதாகவே மேலே வந்துவிட்டாள். பெண்கள் ஆட்களோடு கீழே இருந்தார்கள். மேலாளர் நல்ல செய்திதான் சொன்னார். பெண்களை எடுத்தது மேலிடத்துக்குப் பிடித்திருக்கிறதாம், அடுத்து இன்னும் கொஞ்சம் பேரைப் பார்க்கச் சொன்னார்களாம். தகர வீடுகளின் வாசல்கள் ஒவ்வொன்றாக மனதுக்குள் வந்துபோக, அவள் உடை மாற்றும் அறைக்குப் போனாள். பெண்கள் முகத்தில் சோப்பு நுரையோடு நின்றார்கள்.

செருப்பு அடுக்கில் ஒரு ஜோடி மிச்சம் இருந்தது. வார் அறுந்து, கம்பி போட்டுக் கட்டியது.

“ஆமை எங்கே?”

“பாத்ரூம்ல இருப்பாக்கா,” என்றாள் பம்பரம். “உள்ள போனா அங்கயே குடித்தனம் பண்ணிட்டுத்தான் வருவா.”

மற்ற இருவரும் சிரித்தார்கள். சர்வேயர் போய்ப் பார்த்தாள். எல்லாக் கதவுகளும் திறந்து கிடந்தன. தரை ஈரமில்லாமல் இருந்தது.

பிறகு அவள் ஓடினாள். அந்த முற்றத்தில் யாரும் ஓடக்கூடாது என்று பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான். வெடிக்காரர் வெடிக்கும் பெட்டியின் முன் நின்றிருந்தார். சாவி உள்ளே இருந்தது. அவர் கை அதன்மேல்.

“அண்ணே, வேணாம்!”

அவர் முதலில் கையை எடுத்தார். அதற்கப்புறம்தான் திரும்பினார். “பலகை காலியா இருக்கேம்மா. பார்த்துட்டுத்தானே வந்தேன்.”

“என் பொண்ணு ஒருத்தி கீழ இருக்கா.”

அவர் சாவியை உருவிச் சட்டைப்பைக்குள் போட்டுப் பொத்தானையும் மாட்டினார். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கனத்த உடம்பு. அவர் தரையில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

கூண்டு மணி அடித்தது. கீழேயிருந்து யாரோ கூப்பிடுகிறார்கள். கம்பிக்கயிறு நகர்வதையே எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கூண்டுக் கதவு திறந்ததும் ஆமை இறங்கினாள். கையில் அளவு டேப். முகத்தில் கோபம்.

“என்னை விட்டுட்டு ஓடிட்டீங்கல்ல? டேப்ப அங்கயே போட்டுட்டு வந்திருக்கீங்க. யாராவது எடுக்கணும்னு தோணுச்சா?”

அவள் பலகையிடம் போனாள். இடப்பக்கம் தன் ஆணியில் வில்லையைத் தேடினாள். இல்லை. வலப்பக்கம் பார்த்தாள்.

“இத யாரு மாத்தினது?”

“நான்தான்டி!” பம்பரம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தாள். “முதல் கூண்டுலயே வந்திருப்ப, வழக்கம்போல மறந்திருப்பன்னு நானே மாத்திட்டேன். எத்தன தடவ உனக்காக பஸ்ஸு நிக்கும்? ஒரு நன்றி சொல்லேன், வாய் முத்து உதிர்ந்திடுமா?”

அவள் சொல்லி முடித்தபோதுதான் வெடிக்காரர் தரையில் இருப்பதைக் கவனித்தாள். எல்லார் முகத்தையும் ஒருமுறை பார்த்தாள். சிரிப்பு மட்டும், போக இடமில்லாததுபோல, அவள் உதட்டிலேயே நின்றது.

“என்னக்கா? என்ன ஆச்சு?”

சர்வேயர் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை. பலகை எதற்கு இருக்கிறது, சாவி எங்கே இருந்தது, டேப் எடுக்கப் போன சுரங்கப்பாதை எது, வெடியை எந்தப் பாறையில் வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வரும்போதே தனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறோம் என்று அவளுக்குத் தோன்றியது. மறக்காதே, மறக்காதே என்று தினமும் சொன்னாள். பஸ்ஸை நிறுத்திவைத்தாள். அடுத்தவள் வில்லையில் கை வைக்காதே என்று ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லவேண்டிய விஷயமாகவே அது அவளுக்குப் பட்டதில்லை. ஆளில்லாத குடத்தைத் தள்ளிவைக்காமல் விடுவதுதான் தவறு என்றிருக்கும் தெருவிலிருந்து அவர்களை அழைத்து வந்தது அவள்தானே.

பம்பரம் ஆமையின் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஆமை அழவில்லை. டேப்பைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள்.

வெடிக்காரர் சர்வேயரைத் தனியே அழைத்தார்.

“மேலாளர்கிட்ட நீயே சொல்லிடு. யாரோ சொல்லி அவர் காதுக்குப் போகக்கூடாது. ஆனா அந்தப் பொண்ணக் கேக்காம விட்றாதே.”

“சின்னப் பசங்கண்ணே.”

“கீழ எறங்கினா சின்னது பெருசு ஏது?”

அது அந்தச் சுரங்கத்தின் வழக்கம். ஒருவருடைய செய்கையால் இன்னொருவர் உயிருக்கு ஆபத்து வந்தால், ஆபத்தில் இருந்தவரிடம் எல்லோர் முன்னாலும் ஒரே ஒரு கேள்வி கேட்பார்கள்: கூட இறங்குவியா? இறங்குவேன் என்றால் அத்தோடு முடிந்தது. பழைய பேச்சை யாரும் எடுக்கக்கூடாது. மாட்டேன் என்றால் ஆபத்தை உண்டாக்கியவர் அதன்பின் கூண்டேற முடியாது. காரணம் கேட்பதில்லை. மன்றாடுவதில்லை. மேலாளர்கள் எத்தனையோ பேர் வந்துபோனார்கள். ஒருவரும் அந்தப் பதிலை மாற்றியதில்லை.

இப்போதைய மேலாளர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்தார். பஸ் விஷயத்தையும் சர்வேயர் மறைக்கவில்லை.

“உங்க விஷயத்துக்கு அப்புறம் வரேன்,” என்றார். “அந்தப் பொண்ணு இறங்குவேன்னு சொல்லிட்டா நல்லது. பயிற்சியில சின்னத் தவறு, சரிபண்ணியாச்சுன்னு மேல சொல்லிடலாம். இல்லைன்னு சொன்னா, அடுத்து யாரையும் எடுக்கிற பேச்ச நான் எடுக்க முடியாது. உங்களுக்கே தெரியும்.”

அவளுக்குத் தெரியும். ஓர் ஆண் தவறு செய்தால் அது அவனுடைய தவறு. ஒரு பெண் செய்தால் அப்படி இல்லை.

ஆமை, வரைபடம் போடும் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். சர்வேயர் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். எதிரே கழிவுக்கல் மேடு. ஒரு லாரி வந்து கல்லைக் கொட்டியது. தூசி எழுந்து, காற்றில் நின்று, மெல்ல இறங்கியது. இன்னொரு லாரி வந்தது.

“நாளைக்குக் கேப்பாங்களாமே,” என்றாள் ஆமை.

“ம்.”

“நான் என்ன சொல்லணும்க்கா?”

சர்வேயர் வாய்வரை வந்த சொல்லை அப்படியே வைத்துக்கொண்டாள். இறங்குவேன்னு சொல்லும்மா. அவ்வளவுதான். இந்தப் பெண் அப்படியே சொல்லிவிடுவாள். கோணத்தை இப்படிப் பிடி என்றால் பிடித்தாள், கம்பியை இப்படித் தட்டு என்றால் தட்டினாள். பம்பரம் மிஞ்சுவாள். தகர வீடுகளிலிருந்து இன்னும் கொஞ்சம் பேர் வருவார்கள். இருட்டுக்குள் அந்தக் குரல் திரும்பவும் கேட்கும்.

ஆனால் நாளைக்கு ஒருநாள் கூரைப்பாறை சரியில்லை என்று இவள் சொல்லவேண்டி வரும். அப்போது பக்கத்தில் மேஸ்திரி இருப்பார். ‘எல்லாம் சரியாத்தான் இருக்கு, போ’ என்பார். அவர் முகத்தைப் பார்த்து, அவர் கேட்க விரும்புவதையே இவள் சொல்லிப் பழகியிருந்தால்?

லாரி போய்விட்டது. தூசி முழுவதும் அடங்கியது.

“நான் சொல்லிக்குடுத்தா அது என் பதிலாயிடும்,” என்றாள் சர்வேயர்.

“நீங்க கோவிச்சுக்குவீங்களா?”

“எதுக்கு?”

“எது சொன்னாலும்.”

கோபம் வராது என்று சர்வேயரால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. “வந்தா அது என் பாடு. நீ அதச் சுமக்க வேணாம்,” என்றாள்.

மறுநாள் காலை ஷிப்டுக்கு முன் ஆட்கள் பலகையருகே கூடினார்கள். பம்பரம் பூட்ஸ் மாட்டி, ஹெல்மெட் வைத்து, விளக்கும் பொருத்தித் தயாராக வந்திருந்தாள். கண் வீங்கியிருந்தாலும் முகத்தில் கலக்கம் இல்லை. “அவ என் உசுருக்கா. அவளப் போய்க் கேக்கிறீங்களே,” என்று வரும்போதே சொன்னாள்.

வயதில் மூத்தவர் என்பதால் வெடிக்காரர் கேட்டார். பெண்களிடம் எப்போதும் கேலியாகப் பேசுகிறவர் அன்று தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

“இவ கூட இறங்குவியாம்மா?”

ஆமை தரையைப் பார்த்தாள். கூண்டுக் கயிற்றிலிருந்து எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. யாரோ இருமினார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. சர்வேயர் தன் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல் வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். தன் கண்ணில் இருப்பதை அந்தப் பெண் படித்துவிடக்கூடாது.

“இல்ல,” என்றாள் ஆமை.

வெடிக்காரர் தலையசைத்தார். “சரிம்மா.” தொப்பியை மாட்டிக்கொண்டார். ஆட்கள் ஒவ்வொருவராக வில்லையை எடுக்கத் தொடங்கினார்கள். முடிந்துவிட்டது.

பம்பரம் அசையவில்லை. “ஏய்,” என்றாள். அவள் குரல் இவ்வளவு மெலிதாக ஒலித்து யாரும் கேட்டதில்லை. “என்னடி சொன்ன?”

காரணம் சொல்லவேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. ஆமையே சொன்னாள், கூரையைத் தட்டிப் பார்ப்பதுபோல ஒவ்வொரு சொல்லாக.

“நேத்து கீழ நான் தனியாத்தான் இருந்தேன். பயமே இல்ல. மேல என் வில்ல தொங்குது, நான் இங்க இருக்கேன்னு அதுக்குத் தெரியும்னு நெனச்சேன். பாட்டுகூடப் பாடினேன்டி. அப்போ அது அங்க இல்ல.” பலகையின் இடப்பக்கத்தைப் பார்த்தாள். “இனிமே நீ மேல போயிட்டா எனக்கு அதேதான் நெனப்பா இருக்கும். வேல ஓடாது.”

“வேணும்னா செஞ்சேன்?”

“இல்ல. எனக்காகத்தான் செஞ்ச. நாளைக்கும் எனக்காக எதாவது செய்வ.”

பம்பரம் ஹெல்மெட்டைக் கழற்றினாள். அவளுடைய கோபம் ஆமையிடம் போகவில்லை. சர்வேயரிடம் வந்தது.

“நீங்க ஒரு வார்த்த சொல்லியிருந்தா போதும்க்கா. நீங்க சொன்னா அவ கேப்பா.”

“ஆமா,” என்றாள் சர்வேயர். “போதும்.”

“அப்புறம் ஏன் சொல்லல? என்னைத் தேடி வீட்டுக்கு வந்தது நீங்கதானே? எங்கம்மாகிட்டப் பேசினது நீங்கதானே?”

சர்வேயர் நின்றாள். சொல்லக்கூடியவை பல இருந்தன. பஸ்ஸை நிறுத்தியது என் தவறு. உன்னைவிடக் கெட்டிக்காரி எனக்குக் கிடைக்கமாட்டாள். எல்லாமே உண்மை. ஆனால் ஒன்றைச் சொன்னாலும் அது தன் மனச்சுமையை இறக்கிக்கொள்வதாகத்தான் முடியும், இந்தப் பெண்ணுக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை என்று பட்டது.

“உங்கம்மாகிட்ட இன்னிக்கு நானே வந்து பேசறேன்,” என்றாள். “நீ வீட்டுக்குப் போகணும்னா போ. போகவேணாம்னா, அரவை ஆலையில ஆள் கேட்டிருக்காங்க. கீழயிருந்து வர்ற கல்ல உடைச்சு, தரம் பார்த்துப் பிரிக்கிற இடம். அதுவும் சுரங்க வேலதான். நான் பேசி வச்சிருக்கேன்.”

“எப்ப பேசினீங்க?”

“நேத்து.”

பம்பரம் அவளை உற்றுப் பார்த்தாள். “அப்போ அவ மாட்டேன்னு சொல்லுவான்னு உங்களுக்குத் தெரியும்.”

“தெரியாது. ரெண்டுக்கும் தயாராத்தான் இருக்கணும்.”

ஆமை தன் வில்லையை மாட்டிவிட்டு வந்து இருவருக்கும் அருகில் நின்றாள். கூண்டு வந்துவிட்டது, ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். அவள் ஏறாமல் நின்றாள்.

“சாயங்காலம் சேர்ந்து போலாமாடி?” என்று கேட்டாள்.

“எந்த மூஞ்சிய வச்சிட்டு என்னைக் கேக்கிற?”

“கூட இறங்கமாட்டேன்னுதான் சொன்னேன். கூட வரமாட்டேன்னு சொன்னேனா?”

“ரெண்டும் ஒண்ணுதான் எனக்கு.”

“எனக்கு இல்ல,” என்று சொல்லிவிட்டு ஆமை போய்க் கூண்டில் ஏறிக்கொண்டாள். கம்பிக்கதவு மூடியது. கடைசிவரை அவள் இந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தலை, விளக்கு, எல்லாம் தரைக்குக் கீழே போயின.

பம்பரம் ஹெல்மெட்டைக் கையில் தொங்கவிட்டபடி கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு ஆலை இருந்த திசையில் நடக்கத் தொடங்கினாள். வழக்கமான துள்ளல் இல்லை. சர்வேயர் பின்னாலேயே போனாள், பக்கத்தில் போகலாமா என்று தெரியாமல்.

ஆலைக்குள் நுழைந்ததும் சத்தம் முகத்தில் அடித்தது. நீளமான ரப்பர் பட்டை ஓடிக்கொண்டிருக்க, அதன்மேல் ஈரம் உலராத கற்கள் வந்துகொண்டிருந்தன. ஆலைக்காரம்மா ஒருத்தி காதடைப்பான் இரண்டை எடுத்து நீட்டி, “காது வேணும்னா போட்டுக்கோ. வேணாம்னா என்னை மாதிரி ஆயிடு, வீட்டுக்காரர் கத்துறது எதுவும் கேக்காது. நிம்மதி,” என்று உரக்கச் சொன்னாள். பம்பரம் சிரிக்கவில்லை. ஒன்றை மட்டும் மாட்டிக்கொண்டாள்.

“இது இன்னிக்கு வெட்டின கல்லா?” என்று சர்வேயரின் காதருகே கத்தினாள்.

“நேத்து சாயங்காலமே வெடிச்சிருக்கவேண்டியது. ராத்திரிதான் வெடிச்சாங்க.”

பம்பரத்தின் கண் பட்டைமேல் போனது. நேற்று ஆமை பாடிக்கொண்டு நின்ற பாதையின் சுவர் துண்டுதுண்டாக அவள் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. பெரிய துண்டு ஒன்று வந்தது. உடம்பளவு இருக்கும். அது தன்னைக் கடந்து உடைக்கும் எந்திரத்தின் வாய்க்குள் விழும்வரை பார்த்தாள். மற்றொன்று வந்தது. அதையும் பார்த்தாள். சர்வேயர் அவள் தோளைத் தொடக் கை நீட்டினாள், பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டாள்.

வெகுநேரம் கழித்து பம்பரம் இரண்டாவது காதடைப்பானையும் மாட்டிக்கொண்டு, உடைந்த கற்கள் வந்து சேரும் மேசைக்குப் போய், ஆலைக்காரம்மாவின் கைகளைப் பார்த்து, எதை எந்தப் பக்கம் போடவேண்டும் என்று விரலால் கேட்டாள்.